உங்கள் திவசத்துக்கு வந்த தர்மலிங்கங்கள்

இஞ்சாருங்கோ,

இத்தனை வருசமும் இப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டேன். செத்துப்போனீர்கள் என்பதற்காகப் புதிதாக ஒரு மரியாதை எனக்கு வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம் இது. பிழை இருந்தால் வழக்கம்போல மீசைக்குள் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள். உங்கள் ஆண்டுத்திவசம் போன சனிக்கிழமை முடிந்தது. நல்லபடியாக முடிந்ததா என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் பேனையை எடுத்தேன்.

முதலில் என் கவலையைச் சொல்கிறேன். திவசம் முடிந்த கையோடு இந்த வீட்டை விற்று என்னைச் சிட்னிக்குக் கூட்டிப்போவதென்று நம் மகள் சுகந்தி முடிவு கட்டிவிட்டாள். வீட்டுத் தரகர் திங்கட்கிழமை படம் எடுக்க வருவதாகவும் இருந்தது.

“எங்கட வீட்டிலயிருந்து ஹரிஸ் பார்க் கடையளுக்கு நடந்தே போகலாம் அம்மா. காலமை தோசை, பின்னேரம் ஜிலேபி. இஞ்ச மெல்பேணில, ஸ்பிரிங்வேலில உங்களுக்கு ஆர் இருக்கினம், சொல்லுங்கோ பாப்பம்?”

உங்கள் சகோதரங்கள் கனடாவில், என்னுடையவர்கள் லண்டனிலும் ஊரிலும். மீன்கடை வியட்நாம்காரி இருக்கிறாள், நான் வாய் திறக்குமுன்னமே தலையை எப்படி வெட்டவேண்டும் என்று அவளுக்குத் தெரியும் என்று சொன்னால் சுகந்தி சிரிப்பாள். அவள் நல்ல பிள்ளைதான். ஆனால் அவளுடைய அடுக்குமாடியில் ஒரு துண்டு மீன் பொரித்தால் கூரையில் இருக்கிற புகைமணி கத்துகிறது, கட்டிடம் முழுக்கச் சனம் வெளியே ஓடி வருகிறது. எத்தனை நாளைக்கு நான் அவித்த மீன் தின்பது? எனக்கு இந்த வீட்டிலேயே இருக்க ஆசை. அதைச் சொல்ல ஒரு நியாயந்தான் கையில் இல்லை.

இந்த நேரத்தில்தான் டொரீன் இதற்குள் வந்தாள். நூலகத்துப் பின்னறையில் சனிக்கிழமைகளில் கூடுகிற உங்கள் கிழட்டுக் கூட்டத்தின் தலைவி. அவர்களுடைய பூதக்கண்ணாடி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து திருப்பிக் கொடுக்காமலே போய்விட்டீர்கள். அதைக் கொடுக்கத்தான் நான் அங்கே போனேன்.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தக் கோடையில் வெக்கை தாங்காமல் நூலகத்துக்குள் புகுந்து, எந்த அறை நல்ல குளிர் என்று பார்த்துக் கதிரையில் இருந்தீர்கள். அது இங்கிலாந்தின் வடக்கே பஞ்சாலைகள் இருந்த ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள், தங்கள் பூட்டன் பூட்டியைப் பழைய பதிவேடுகளில் தேடுகிற அறை. நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள் என்று டொரீன் கேட்டபோது, குளிருக்கு வந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, “ஏதாவது உதவி செய்யலாம் எண்டு…” என்று இழுத்தீர்கள். அதோடு மாட்டுப்பட்டீர்கள். பிறகு குளிர்காலத்திலும் போனீர்கள்.

சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, “எக்கிள்ஷா வீட்டு மூத்த பெட்டைக்குத் தறியில விரல் போயிட்டுதப்பா” என்று கவலைப்படுவீர்கள். அந்தப் பெட்டை செத்து நூறு வருசத்துக்கு மேலே இருக்கும். நானும் ஐயோ பாவம் என்பேன். பெயர்களைப் பற்றி நீங்கள் எடுத்த பாடம் எனக்கு மனப்பாடம். “அங்க மலையோரத்தில எக்கிள்ஷா எண்டு ஒரு தோட்டம். அதில இருந்தவன் எக்கிள்ஷா. அவன்ட சந்ததி ஆலைக்கு இறங்கி வந்தும் எக்கிள்ஷா. உலகத்தில எங்க அந்தப் பேரைக் கண்டாலும் அது அந்த வீட்டுச் சொந்தம்தான்.” டொரீனும் ஒரு எக்கிள்ஷா. அவளுடைய பூட்டன் ஜோன் எக்கிள்ஷாவைத்தான் நீங்கள் கடைசிவரைக்கும் தேடினீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் கல் எறிந்தால் ஒரு ஜோன் எக்கிள்ஷாவின் தலையில்தான் விழுமாம்.

ஆனால் எங்கள் பெயர் அப்படிப்பட்ட சாமான் இல்லை என்று நீங்கள் அவர்களுக்கு ஏன் சொல்லவில்லை? உங்களுடைய சொந்தப் பெயர்தான் இந்த நாட்டில் எனக்கும் சுகந்திக்கும் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது, உங்கள் அப்பாவே அந்தப் பெயர்க்காரர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திராது.

பூதக்கண்ணாடி கொடுக்கப்போன அன்று டொரீன் என்னைத் தேற்றிவிட்டு, உங்கள் குடும்பத்தில் இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் ஒருவரும் இல்லை, அதனால் மகள் சிட்னிக்குக் கொண்டுபோகிறாள் என்றேன். திவச நாளையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, “குடும்பம் இல்லாத மனிதர் கிடையாது, லவ். தேடிப் பார்க்காத மனிதர்தான் உண்டு” என்றாள். ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் வேலையைக் கையேற்றிருக்கிறாள்!

மெல்பேணில் இருக்கிற தர்மலிங்கங்களை எல்லாம் கொம்பியூட்டரிலும் தொலைபேசிப் புத்தகத்திலும் பிடித்து, டொரீனும் அந்தக் கூட்டத்துக் கீத் கிழவரும் ஒவ்வொருவராகப் போன் அடித்திருக்கிறார்கள். தர்மலிங்கத்தின் வருட நினைவு, குடும்பம் முழுக்க வருகிறது, நீங்கள் இல்லாமலா என்று. எங்கள் சனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். செத்தவீட்டு விசயம் என்றால், எனக்கு அவரைத் தெரியாதே என்று யாருக்கு வாய் வரும்? நெருங்கின சொந்தமாக இருந்து நாங்கள் மறந்துபோயிருந்தால் என்ன மானக்கேடு!

சனிக்கிழமை காலையில் கதவு மணி அடித்தது. கிரெய்கிபர்னிலிருந்து ஒரு தர்மலிங்கம், மனைவியோடும் வாழைப்பழச் சீப்போடும். வந்தவர் நம் மருமகன் கோபியைக் கட்டிப்பிடித்து அழுதார்.

“என்ன மாதிரியான மனுசன்!”

“கடைசியாய் எப்ப கண்டனீங்கள் அங்கிள்?” என்று கோபி கேட்டான்.

“அது… கனகாலம்” என்றார் அவர்.

பிறகு டண்டினோங்கிலிருந்து ராணி. அவளுடைய புருசனுடைய பெயர் தர்மலிங்கம், அவருக்கு வேலை என்று இவளை அனுப்பியிருந்தார். கிரெய்கிபர்ன்காரருடைய மனைவியும் ராணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் ஆழம் பார்த்தார்கள்.

“நீங்கள் எந்தப் பக்கம்?”

“நான் இவர்ட பக்கத்தால. நீங்கள்?”

“நாங்களும் அந்தப் பக்கந்தான்.”

“அப்ப நாங்கள் சொந்தமெல்லோ!”

“பின்ன என்ன!”

இன்னும் இரண்டு குடும்பம் வந்தது. டொரீன் வாசலில் நின்று, பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி மாதிரிச் சிரித்துக்கொண்டு எல்லாரையும் உள்ளே அனுப்பினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராணிதான் குசினிக்குள் வந்து என் காதுக்குள் கேட்டாள்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. செத்தது ஆர்?”

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. உடனே சுகந்தியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளைப் பார்த்தேன். நிறைந்த மண்டபம் மாதிரி இருந்த எங்கள் முன்னறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆர் இருக்கினம் என்று கேட்ட பிள்ளைக்கு அன்றைக்குக் கேட்க வழியில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு வடை பொரித்தேன்.

இன்னொன்றும் நடந்தது. கிரெய்கிபர்ன்காரர் வீட்டுப் பின்வளவுக்குள் போய்விட்டார், தேத்தண்ணி ஆறுகிறது. கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? நீங்கள் இருக்கும்வரைக்கும் உங்கள் பெயரை என் வாயால் சொன்னதில்லை. டொக்டரிடம்கூடச் சுகந்தியைத்தான் சொல்ல விட்டேன். பின்கதவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, “தர்மலிங்கம் அண்ணை!” என்று கத்தினேன். “ஓம் தங்கச்சி, வாறன்” என்று ஒரு குரல் வந்தது. உங்களுடைய குரல் இல்லை. அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தப் பெயருக்கு எங்கள் வளவிலிருந்து ஒரு ஓம் வந்துவிட்டது. நான் கொஞ்சநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐயர் புதியவர். எங்களுக்கு மகன் இல்லை, மருமகன்தான் செய்யப்போகிறான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கோபி அறைக்குள் வேட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவர் அவசரத்தில், “தர்மலிங்கத்தின்ட மகன், முன்னுக்கு வாங்கோ” என்று கூப்பிட்டார்.

செருப்புகள் கிடந்த வாசல்பக்கமிருந்து ஒருவன் வந்தான். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். பிந்தி வந்து ஆட்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறான். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி பலகையில் இருந்தான்.

சுகந்தி என் கையைப் பிடித்த பிடியில் காப்பு நெளிந்தது.

“அம்மா, இவர் ஆர்?”

“தெரியாது பிள்ளை.”

“தர்மலிங்கத்தின்ட மகனாம்!”

“எனக்கும் காது கேக்குது.”

ஐயர் அவனுக்குத் தர்ப்பை போட்டுவிட்டார். “தகப்பன் பேர்?” “தர்மலிங்கம்.” ராணி பெருமூச்சு விட்டாள். கிரெய்கிபர்ன்காரருடைய மனைவி உங்கள் படத்தையும் அவன் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்பப்பா பேர்?” என்றார் ஐயர். “கந்தையா” என்றான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என் மாமனார் வைத்திலிங்கம் அல்லவா!

அவன் தலையை நிமிர்த்தி, மாலை போட்ட உங்கள் படத்தைப் பார்த்தான்.

“ஐயா,” என்றான், “இது என்ர அப்பா இல்லை.”

பெயர் ரூபன். படகில் வந்தவன், கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. தகப்பன் போன வருசம் ஊரில் செத்துப்போக, இவனுக்குப் போக வழியில்லை. அந்த விசாவில் போனால் திரும்பி வர ஏலாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலீசு சொல்லிக்கொடுக்கிற வெள்ளைக்கார அம்மாக்களிடம் இதைச் சொல்லி ஒருநாள் அழுதானாம்.

“ஒரு கிழவி போன் அடிச்சு, தர்மலிங்கத்தின்ட வருச நினைவு, வா எண்டா. அந்த ரீச்சர்மார்தான் அப்பாவுக்கு ஏதோ ஒழுங்கு பண்ணிப்போட்டினம் எண்டு நினைச்சன் அன்ரி. வேலையால நேர வாறன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று எழும்பப் பார்த்தான்.

“இரு தம்பி” என்றேன். பிறகு ஐயரைப் பார்த்து, “ஐயா, ரெண்டு தர்மலிங்கத்துக்கும் செய்ய ஏலாதோ?”

ஐயர் தட்டைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். “அரிசி காணும், எள்ளுக் காணும். நேரந்தான் காணாது. மற்றத் தர்மலிங்கத்துக்குச் செய்யிறவரையும் கெதியாய் வரச்சொல்லுங்கோ.” கோபி வேட்டிக்கு மேலே பெல்ட் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தான். ரூபன் எள்ளும் தண்ணியும் விடும்போது அவன் தோள் குலுங்கியது. கோபி அவனுடைய செம்பைப் பிடித்துக்கொண்டான்.

சுகந்தி இங்கிலீசில் விளக்கம் சொல்ல, டொரீனின் முகம் பீற்றூட் மாதிரிச் சிவந்தது. அந்நியர்களையா பிடித்துக்கொண்டு வந்தோம் என்று அழப் பார்த்தாள். கீத் கிழவர்தான் காப்பாற்றினார். அவர்களுடைய ஆலைத் தெருக்களிலும் இதே சிக்கலாம். தெரு முழுக்க எக்கிள்ஷா என்றால் அந்தப் பெயரால் யாரைக் கூப்பிடுவது? அதனால் டொம்மின் பில்லின் ஜாக் என்று அப்பா பெயரையும் அப்பப்பா பெயரையும் சேர்த்துத்தான் ஆளைச் சொல்வார்களாம். டொரீன் கண்ணைத் துடைத்துவிட்டு, நேரே ஐயரிடம் போய் அவருடைய பூட்டன் பெயரைக் கேட்டாள். அவளுடைய ஜோன் எக்கிள்ஷாவையும் இனி இந்த வழியில்தான் தேடப்போகிறாளாம். அகப்படுவானா?

எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு நானும் சுகந்தியும் குசினியில் சட்டி பானை கழுவினோம்.

“அம்மா, ஒரு நிமிசம் நான் அப்பாவைச் சந்தேகப்பட்டிட்டன்.”

“நான் ரெண்டு நிமிசம்” என்றேன்.

அவள் சிரித்துச் சிரித்துத் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது. “வந்தவை ஒருத்தரும் எங்களுக்குச் சொந்தமில்லை. அது தெரிஞ்சுகொண்டுதான் வடை பொரிச்சனீங்கள், என்ன?”

“ஓம்.” அடிப்பிடித்த பாயசச் சட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னேன். “சுகந்தி, நான் சிட்னிக்கு வரேல்லை. ஆர் இருக்கினம் எண்டு கேளாதை. ஒருத்தரும் இல்லாட்டிலும் எனக்கு இஞ்சதான் இருக்கோணும்.”

ஒரு வருசமாக நான் தேடின நியாயம் அவ்வளவுதான் இருந்தது, பாருங்கோ. அவள் கையைத் துடைத்துக்கொண்டு தரகருக்குப் போன் அடித்தாள். திங்கட்கிழமை வரவேண்டாம், அம்மா இன்னும் முடிவெடுக்கவில்லை என்றாள்.

“முடிவெடுத்திட்டன்!” என்று குசினியிலிருந்து கத்தினேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதையும் அவருக்குச் சொன்னாள்.

இனி உங்களிடம் ஒரு அலுவல். ஐயர் அன்றைக்குக் கடைசி நேரத்தில் பறந்தடித்துப் பெயர் சொன்னார். இரண்டும் தர்மலிங்கம். எது யாருக்கு வந்து சேர்ந்ததோ தெரியாது. உங்கள் பங்குக்கு மேலே ஒரு பங்கு வந்திருந்தால் அது கந்தையாவின் மகனுடையது. ரூபன் சொல்லுகிறான், தகப்பன் கூச்சக்காரராம், வாய் திறந்து கேட்கமாட்டாராம். நீங்கள் தேடிப்போய்க் கொடுங்கள். ஆளைக் கண்டுபிடிக்கிறது உங்களுக்குப் பெரிய வேலையா? ரூபனை அடுத்த வருசம் தகப்பனின் படத்தோடு வரச்சொல்லியிருக்கிறேன். நானும் இந்த வீட்டிலேதான் இருப்பேன். ஐயருக்குப் பக்கத்தில் நின்று, அப்பா, அப்பப்பா, பூட்டன் என்று இரண்டு பேருக்கும் பிசகில்லாமல் நானே சொல்லிக்கொடுப்பேன். இது சத்தியம். அதுவரைக்கும் சண்டை பிடிக்காமல் இரண்டு பேரும் பங்கிட்டுச் சாப்பிடுங்கள்.

வைத்திலிங்கத்தின் மகன் தர்மலிங்கத்தின் மனுசி,
பரமேஸ்வரி