தடுப்புக் கம்பியில் இரண்டு முடிச்சு

மார்ச் 4, செவ்வாய்

இன்று இருநூற்றுப் பத்து படுக்கை விரிப்புகள். கால் கடுக்கிறது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சேர்ந்து பதினோரு வருஷம். தேய்க்கும் உருளை இந்தப் பாடு படுத்தி நான் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் நான் விரிப்பை உள்ளே விட, அந்தப் பக்கம் எதிர்க்கை அக்கா வாங்கி மடிக்க வேண்டும். எனக்கு எதிரில் நிற்பதால் அவளுக்கு அந்தப் பெயர். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதில் கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். இப்போது துணியின் தடித்த ஓரம் பட்டாலே நிற்கிறது.

மேற்பார்வையாளர் வந்து கத்தினார். "நிமிஷத்துக்கு ஒரு தரம் நின்னா, ஆபரேஷன் தியேட்டருக்கு நான் என் சட்டையைக் கழட்டியா அனுப்புறது?"

"ரிப்பேர்காரர் எப்ப சார் வருவார்?"

"வருவான், வருவான். இப்ப அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டு." கூடையிலிருந்து ஒரு கிழிந்த பேண்டேஜ் துணியை எடுத்து என்னிடம் எறிந்தார். இரண்டு முடிச்சு போட்டேன். அக்கா "பார்த்துடி" என்றாள், அவ்வளவுதான்.

கூடைக்கும் கம்பிக்கும் நடுவில் நின்றவர் அவர்தான். ஏன் தன் கையால் கட்டவில்லை? ஏதோ இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

இந்த நோட்டைப் பார்த்து வீட்டில் இவர் சிரிக்கிறார். "உனக்கு உப்பு டப்பா மேலகூட சந்தேகம்." ஆமாம், போன வாரம் பாதியாகக் குறைந்திருந்ததே! பக்கத்து வீட்டுக்கு அள்ளிக் கொடுத்தது இவரேதான். கட்டிய புருஷன் மேலேயே கண் வைக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து.

மார்ச் 27, வியாழன். காலையில் முதல் விரிப்பு. ஓரம் மடங்கியது, நீவிவிடப் போனேன். வலது கை உள்ளே போய்விட்டது. கம்பி கட்டியேதான் இருந்தது. அக்கா ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். உருளை இன்னும் சூடேறவில்லை, அந்த மட்டும் தப்பித்தேன்.

போதும். இந்தக் கையும் வலிக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மீதியையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே மறந்துபோய், அவர்கள் சொல்வதுதான் நடந்தது என்றாகிவிடும்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மாடிக்குக் கொண்டுபோனார்கள். பதினோரு மணிக்கு மாவுக்கட்டு. கட்டியது சின்ன டாக்டர். ஒரு மணிக்கெல்லாம் விரல்கள் மரத்துவிட்டன. நர்ஸிடம் சொன்னேன். டாக்டர் வாசல் வரை வந்தார்.

"எலும்பு உடைஞ்சா வலிக்கத்தாம்மா செய்யும்."

"வலி இல்லீங்க டாக்டர். விரல் இருக்கிற மாதிரியே தெரியல."

"அப்படித்தான் இருக்கும்."

உள்ளே வந்து தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு மணிக்கு வேறு நர்ஸ் வந்தாள். அவளிடமும் சொன்னேன், நான்கு மணிக்கு மறுபடியும் சொன்னேன். மறுநாள் காலையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு உடனே கட்டை வெட்டச் சொன்னார். விரல்கள் மை நிறத்தில் இருந்தன. கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை, நர்ஸிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தது. இரண்டு ஆபரேஷன் ஆகியும் கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை. உணர்ச்சியும் இல்லை.

என் பங்கையும் எழுத வேண்டும். மூன்றாம் நாள் தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர் விபத்தைப் பற்றி விசாரிக்க வந்தார். அவருக்கு முன்பே மேற்பார்வையாளர் என் கட்டிலுக்கு வந்துவிட்டார். "கட்டினது நீன்னு தெரிஞ்சா வேலையும் போகும், நஷ்டஈடும் கிடைக்காது. யார் கட்டினாங்கன்னு தெரியாதுன்னு சொல்லிடு."

அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த மனுஷனுக்கு என் மேல் எப்போதிருந்து இவ்வளவு அக்கறை?

ஏப்ரல் 22, செவ்வாய்

எதிர்க்கை அக்கா வந்தாள். இப்போது துணிக் கிடங்கில் வேலையாம். நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. பதினைந்து வருஷமாக நின்றே வேலை பார்த்தவளுக்கு என் கை நசுங்கிய பிறகு நாற்காலி கிடைக்கிறது. எப்படி?

"வக்கீலைப் பார்த்தியா? என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்னே?" மூச்சு விடாமல் மூன்று கேள்வி. நோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

பழம் நறுக்கி ஊட்டிவிட்டாள். சந்தேகத்தோடு மென்று தின்றேன்.

மே 6, செவ்வாய்

வக்கீலம்மா என் சிகிச்சைக் குறிப்பின் நகலை வாங்கி வைத்திருந்தார். மதியம் ஒரு மணி, விரல்களில் உணர்ச்சி நன்றாக உள்ளது. மூன்று மணி, நன்றாக உள்ளது. ஐந்து மணி, நன்றாக உள்ளது. அவ்வளவு நன்றாக இருந்த விரல் எங்கே போயிற்று?

ஒன்றைக் கண்டுபிடித்தேன். இரண்டு மணிக்கு நர்ஸ் மாறினாள். எழுத்து மாறவில்லை! மூன்றும் ஒரே கை, பிறகு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. வக்கீலம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அட, நான் கவனிக்கலையே!" என் சந்தேகத்துக்கு முதல் தடவையாக ஒரு மரியாதை.

அடுத்து, "கம்பியை யார் கட்டினது?" என்றார். "தெரியாது." எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். இவர் யார் பக்கம்?

மே 19, திங்கள்

வக்கீலம்மா அனுப்பிய நோட்டீஸுக்கு ஆஸ்பத்திரியின் பதில் வந்துவிட்டது. கம்பியைக் கட்டியது எதிர்ப்பக்கத்துத் தொழிலாளியாம். யார் சொல்லியும் இல்லை, அவளாகவே கட்டினாளாம். அக்காவிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவள் பதிலே தரவில்லை.

ஏன்? செய்யாதவள் தெருவே கூடும்படி கத்த மாட்டாளா? வாங்கிவிட்டார்கள். அந்த நாற்காலிக்கு விலை இதுதான். மேற்பார்வையாளரைக் காப்பாற்ற ஒத்துக்கொண்டுவிட்டாள் —

என்னடி எழுதிக்கிட்டிருக்கே? கட்டினது நீதானே?

மே 20, செவ்வாய்

யார் மேலும் சந்தேகப்பட முடியவில்லை.

ஜூன் 2, திங்கள்

அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் வீட்டுக்குப் போனேன். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா வாயைத் திறக்கல?"

"திறந்தா? நீதான் கட்டினேன்னு சொல்லணும். நீ தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டே. நான் மாத்திச் சொன்னா உன் கேஸ் என்னாகும்? அதுக்குத்தானே அன்னிக்கு வந்து, என்ன சொன்னே என்ன சொன்னேன்னு கேட்டேன்."

"அந்த நாற்காலி?"

"என்ன நாற்காலி? உன் கை உள்ளே போனதிலேர்ந்து அந்த உருளைகிட்ட நின்னா எனக்கு உடம்பெல்லாம் நடுங்குதுடி. கெஞ்சிக் கேட்டு மாத்திக்கிட்டேன்."

கொடியில் புடவையின் ஒரு நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டேன். மறு நுனியை அவள் இழுத்துவிட்டாள். இவளைப் போய் நான்... வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

புது நோட்டு. பழையது வக்கீலம்மாவிடம்.

முதல் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "இதை ஏம்மா இவ்வளவு நாள் ஒளிச்சு வச்சீங்க?"

"நான் பொய் சொன்னது அதுல இருக்குங்க."

"இருக்கு. கோர்ட்ல உங்களை நல்லாவே குடைவாங்க. ஆனா கட்டச் சொன்னது யாருன்னும் இருக்கே, தேதியோட. கட்டின கை யாரோடதுங்கிறதைவிட அதுதான் பெரிசு."

ஏப்ரல் 22-ம் மே 19-ம் மட்டும் கிழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அக்கா படிப்பாளே. ஒரு தாள் குறைந்தாலும் மொத்த நோட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்.

கிழிக்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

பயந்தபடியே ஆயிற்று. கூண்டில் அக்கா. ஆஸ்பத்திரி வக்கீல் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார், மூன்று கேள்வி, நாற்காலி, பழம், எல்லாம். "உங்க மேலயே நம்பிக்கை இல்லாதவங்களுக்காகவா சாட்சி சொல்ல வந்தீங்க?" நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ அப்படித்தாங்க. வீட்டுல உப்பு டப்பாவைக்கூட நம்ப மாட்டா" என்றாள் அக்கா. கோர்ட்டே சிரித்தது. "ஆனா அந்த முதல் பக்கம் நிஜம். துணியை எடுத்து எறிஞ்சது அவர். நான் எதிர்ல நின்னேன்."

அடுத்து வந்த இரண்டாவது நர்ஸ், குறிப்பில் இருப்பது தன் எழுத்தில்லை என்று ஒத்துக்கொண்டாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

தீர்ப்பு வெள்ளிக்கிழமை வந்தது. கம்பிக்கும் மாவுக்கட்டுக்கும் ஆஸ்பத்திரியே பொறுப்பு. நான் பொய் சொன்னதைக் கண்டித்து நான்கு வரி, அதுவும் நியாயம்தான். அக்காவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் விரல்கள் இரண்டும் இனி மடங்காது. அதற்கு எந்தத் தீர்ப்பும் இல்லை.

மதியம் அக்கா வந்தாள். பழம் நறுக்கினாள். முதல் துண்டைத் தன் வாயில் போட்டு, நான் பார்க்க மென்று, விழுங்கினாள். "ஒண்ணும் கலக்கல. வேணும்னா நோட்டுல எழுதிக்கோ."

எழுதிவிட்டேன். எனக்கும் ஊட்டிவிட்டாள். அழுகையில் பழத்தின் ருசியே தெரியவில்லை.