பாலத்து இறக்கத்தில் இன்ஜின் சத்தம்

ஆகஸ்ட் 4, திங்கள்

பொன்னேரி ரயில்வே கேட்டில் நிற்கும்போது கார் மீட்டர் ஒரு லட்சத்து அறுபதாயிரத்தைத் தொட்டது. வண்டியில் நானும், பின்னால் கூடை கூடையாக நண்டும்தான். நானே கை தட்டிக்கொண்டேன். பக்கத்து பைக்கில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

1248 சிசி. ஒண்ணேகால் லிட்டர் கலர் பாட்டிலில் அடங்கிவிடும். அதற்குள் நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, எழுபத்தைந்து குதிரைத்திறன். இரண்டாயிரம் ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் இழுவை! பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ஈரச்சாக்கு போர்த்திய கூடைகளைக் கூரை வரை அடுக்கினாலும் முக்காமல் முனகாமல் ஏரிப் பாலத்தில் ஏறுகிறது. எல்லாம் டர்போவின் வேலை. வெளியே போகிற புகையைப் பிடித்து ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சுற்றலிலேயே காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போவதிடம் வேலை வாங்கலாம் என்று எவருக்குத் தோன்றியதோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும். ஆயிரத்து எண்ணூறு ஆர்பிஎம்முக்குக் கீழே கொஞ்சம் தூங்குமூஞ்சிதான். அது ஒரு குறையா?

டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு நந்தினி நண்டு ஓட்டுகிறாள் என்று எங்கள் ஊர் தோணிரேவில் சிரிக்கிறார்கள். இந்த இன்ஜினோடு தினமும் சென்னை வரை போய்வருவதைவிட எனக்கு வேறென்ன உத்தியோகம் வேண்டும்?

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆயில் மாற்றினேன். புத்தகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. நான் எட்டாயிரத்தில் மாற்றிவிடுவேன். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். பெல்ட் மாதிரி மாற்றவேண்டியதில்லை என்று பலர் மறந்தே போகிறார்கள். ஆயில் கெட்டால் செயின் தளரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கலகலவென்று ஒரு சத்தம் வந்தால் அதுதான். என் வண்டியில் அந்தச் சத்தம் வந்ததே இல்லை. வேறு வம்புகளும் உண்டு: புகையைத் திருப்பிவிடுகிற ஈஜிஆர் வால்வில் கரி கட்டும், டர்போ குழாய் விரிசல் விடும், டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கும். எங்கள் கடலோர ஏரிக்காற்றில் ஒயர் முனையெல்லாம் உப்பு பூத்துவிடும், அது இன்ஜின் செய்த பாவம் இல்லை.

நைனா தூரத்திலிருந்து பார்த்தார். "குறைஞ்சா ஊத்தணும். நல்லா கீற ஆயில எதுக்கும்மா கீழ வுடுற?" படகு இன்ஜினில் அப்படித்தான் பழக்கம். ஊற்றுவார்கள், மாற்றமாட்டார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எங்கள் ஓட்டத்தில் இரண்டு பாதி. விடியலில் நான் நண்டோடு சென்னை. நான் திரும்பி வந்து படுத்த பிறகு, சாயங்காலம் நைனா பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் பக்கம் போய், பெண்கள் கையால் பிடித்த சேற்று நண்டை ஏற்றிக்கொண்டு பாலத்தடிக் கொட்டகைக்குக் கொண்டுவருவார். முழங்கால் போய் படகை விட்ட மனுசன். ஒரு வருடம் மூலையில் உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் மறுபடி சட்டைக்கு இஸ்திரி போடுகிறார்.

இன்று வண்டி சரியில்லை. இழுவை குறைந்திருக்கிறது. முடுக்கினால் ஒரு விசில். கண்ணாடியில் பார்த்தால் நீலப்புகை. என்னடா இது?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குழாயில் விரிசல் இல்லை. ஈஜிஆரைக் கழற்றித் துடைத்தேன், கை முழுக்க கரி. பலன் இல்லை. பொன்னேரிக்கு மெல்ல ஓட்டிப்போனேன். மெக்கானிக் தனசேகர் அண்ணன் குழாயைக் கழற்றி, டர்போ சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. ஆடவே கூடாது.

"யாருமா சூட்டோட ஆஃப் பண்றது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரும் இல்லண்ணா. எனக்குத் தெரியாதா?"

அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அச்சைத் தாங்குவது ஒரு படலம் ஆயில் மட்டும்தான். மேடேறிச் சூடான கையோடு இன்ஜினை அணைத்தால் ஆயில் நின்றுவிடும், சக்கரம் நிற்காது. உள்ளே இருக்கிற ஆயில் கருகி அச்சைத் தின்றுவிடும். அதனால்தான் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்கவேண்டும். நான் ஒருநாளும் தவறியதில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வண்டி பட்டறையில். லைட் ஹவுஸ் நண்டு ஷேர் ஆட்டோவில் வெயிலில் வந்தது. பாதிக்கு மேல் காலை அசைக்கவில்லை. செத்த நண்டை சென்னைக்காரர் தொடமாட்டார். நண்டு பிடிக்கிற பெண்களுக்குத் தலைவி மாதிரி காசியம்மாள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ஓரம் போட்டாள். "இப்டியே போனா பழைய ஏவாரி கிட்டயே போவணும்டி. அவன் வெச்சதுதான் வெல."

ஆகஸ்ட் 16, சனி

புது டர்போ. தேன் மாதிரி இழுக்கிறது.

சாயங்காலம் தூக்கம் வரவில்லை, கொட்டகைக்குப் போனேன். பாலத்து உச்சியில் நம் வண்டி தெரிந்தது. பாரத்தோடு முழு மூச்சில் ஏறி வந்தது. உச்சியில் சத்தம் நின்றது. அடங்கவில்லை, நின்றது.

இறக்கத்தில் வண்டி மௌனமாக வழுக்கி வந்தது. ஓரமாகத் திரும்பி, கொட்டகை வாசலில், கூடை இறக்குகிற கல்லுக்கு ஒரு சாண் தள்ளி, கச்சிதமாக நின்றது. பெண்கள் "ஹோய்!" என்று கூவினார்கள். நைனா சட்டையை நீவிக்கொண்டு இறங்கினார்.

ஏரியில் அவர் படகைக் கரைசேர்க்கிற விதமே அது. தண்ணீர் குறைந்த இடத்தில் இன்ஜின் ஓடினால் விசிறி சேற்றைக் கிளறும், அடுத்தவன் வலையைச் சுற்றிக்கொள்ளும். அதனால் எல்லோரும் முன்னாடியே அணைத்துவிடுவார்கள். ஆனால் சகாதேவன் என்கிற எங்கள் நைனா அணைத்தால் மட்டும் படகு மிதந்து வந்து தானாகக் கட்டுக்கம்பைத் தொட்டு நிற்கும். பசியாவரம் கிராமத்தில்கூட அதைப் பேசுவார்கள்.

எவ்வளவு அழகாக இருந்தது! உள்ளே புது டர்போ கருகிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 18, திங்கள்

சொல்லிவிட்டேன். சொன்ன விதம்தான் — சே.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்றுதான் கொட்டகைக்குப் போனேன். மறுபடி உச்சியில் சத்தம் நின்றதும் எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. அணைத்த வண்டியில் பிரேக்கும் கெட்டியாகிவிடும், ஸ்டியரிங்கும் கெட்டியாகிவிடும். எதிரே ஒரு பிள்ளை ஓடிவந்தால்? வண்டி நின்றதும் அத்தனை பெண்கள் முன்னால் கத்தினேன். "நைனா, டர்போவ கொன்னதே நீதான்! புதுசையும் கொல்லப்போறியா?"



"நாப்பது வருசம் இன்ஜின் ஓட்டுனவன் நானு," என்றார், மெதுவாக. தன்னிடம் இருந்த சாவியைக் காசியம்மாள் கையில் வைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்தே போய்விட்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இரண்டு ஓட்டமும் நானே.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மீஞ்சூர் தாண்டி கண் சொருகிவிட்டது. லாரி ஹாரன் அடித்திருக்காவிட்டால்... வேண்டாம், எழுதவில்லை. லைட் ஹவுஸ் பெண்களிடம் இனி முடியாது என்று சொல்லவேண்டியதுதான்.

காசியம்மாள் விடவில்லை. "ஞாயம் உன் பக்கம்தான், யாரு இல்லன்னா? படகு போனப்புறம் உங்க நைனாவுக்கு மிச்சம் கீறது அந்த ஒரு பவுசு. அத்த எங்க முன்னாடியா போட்டு ஒடைப்ப?"

வீட்டுக்கு வந்து மன்னிப்பு கேட்டேன். சட்டை போடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். "வுடும்மா. படகு ஓட்டுனவனுக்கு காரு எதுக்கு?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அழுகை வந்தது. எனக்கு இன்ஜினைப் பற்றி எல்லாம் தெரியும். மனுசனிடம் எப்படிப் பேசுவது என்று எவனும் புத்தகம் போடவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சென்னையிலிருந்து வந்தால் நைனாவைக் காணோம். பஸ் ஏறிப் போனார் என்றார்கள். அந்த முழங்காலோடா! பயந்தே போனேன்.

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒயர் கூடை. கூடைக்குள் தனசேகர் அண்ணன் கழற்றிப் போட்ட பழைய டர்போ. பேப்பரை விரித்து அதை வைத்தார்.

"ஒரு கைக்குள்ள அடங்கிடுது. இதுவா அந்தப் பாரத்த இழுத்துச்சு?"

"ஆமா நைனா."

கருகிய அச்சை விரலால் தடவினார். "தனசேகரு புதுசு ஒண்ணு காட்டுனான். கண்ணாடியாட்டம் கீது. ஊதுனாலே சுத்துது. இது எப்டி கருகிக் கீது பாரு." சக்கரத்தைச் சுண்டினார். கரகரவென்று அரைச்சுற்று சுற்றி நின்றது. "நான் அணைச்சப்புறமும் இது உள்ள ஓடிக்கினே இருந்துருக்கு, சொட்டு எண்ணெ இல்லாம. தண்ணி இல்லாத எடத்துல படகு வுட்டா அடி தேயும்னு தெரியும். இதுக்குள்ள ஒண்ணு ஓடுதுன்னே தெரியாதும்மா எனக்கு."

நான் சக்கரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"பாவம், இன்னா ஒழைப்பு ஒழைச்சுருக்கு," என்றார்.

எழுந்து காசியம்மாள் வீட்டுக்கு ஓடி, நைனா அவளிடம் விட்டுவந்த சாவியை வாங்கிவந்து டர்போ பக்கத்தில் வைத்தேன். அவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 27, புதன்

பாலத்து உச்சியில் சத்தம் நிற்கவில்லை. கொட்டகை வாசல் வரை வந்தது. கல்லுக்கு ஒரு சாண் தள்ளி, அதே கச்சிதம். இன்ஜினை ஓடவிட்டபடி நைனா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். காசியம்மாள் கூடையை எடுக்கக் கதவைத் திறந்தாள். "கொஞ்சம் இரு. மூச்சு வாங்குது அதுக்கு," என்று அதட்டினார்.

செப்டம்பர் 10, புதன்

விசில் இல்லை. புகை இல்லை. லைட் ஹவுஸ் பெண்கள் ஒருவரும் பழைய வியாபாரியிடம் போகவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பக்கத்து வீட்டு சந்தோஷ் புதுப்படகு வாங்கியிருக்கிறான். முதல் தடவை கரைசேர்ப்பது சகாதேவன் கையால்தான் இருக்கணும் என்று பிடிவாதம். நைனாவிடம் கார் சாவியை நீட்டினேன், அவரே ஓட்டினார். துறையில் மாலையும் தேங்காயுமாகக் கூட்டம் காத்திருக்க, நைனா இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். "வா மாமா, நேரமாவுது!" என்று சந்தோஷ் கத்தினான். அவர் அசையவில்லை. ஆற அமர அணைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

சந்தோஷ் தோள் கொடுத்து படகில் ஏற்றினான். ஏரிக்குள் ஒரு சுற்று போய்த் திரும்பினார்கள். கரைக்கு வெகு முன்னாலேயே சத்தம் நின்றது. படகு மிதந்து மிதந்து வந்து கட்டுக்கம்பை லேசாகத் தொட்டு நின்றது. எல்லோரையும் முந்திக்கொண்டு "ஹோய்!" என்று கூவியது நான்தான்.

நைனா கூட்டத்தில் கண்ணாலேயே என்னைத் தேடிப் பிடித்தார். படகு இன்ஜினைத் தட்டிக் காட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "பயப்படாத கண்ணு, இதுல டர்போ இல்ல!"