அம்மா கட்டிய பிராது

2023 நவம்பர் 6
வரலாற்றுக் கட்டுரையில் மாவட்டத்தில் முதலிடம். பரிசாக ஜனவரியில் ஜெர்மனி. போர்க்காலத்துச் சிறை முகாமைக் காட்டுவார்களாம். காசிநாதன் சார் வகுப்பையே கைதட்டச் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். அங்கே ரொம்பக் குளிருமா என்று மட்டும் கேட்டாள். கரும்பு வெட்டிய அலுப்பு போல.

நவம்பர் 14
அம்மா கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வந்தாள். குறையைத் தாளில் எழுதிக் கட்டினால் மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்துவைப்பார். என் பயணம் நல்லபடியாக நடக்கத்தான் கட்டியிருப்பாள். ஆனால் திருநீறு பூசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் 23
பாஸ்போர்ட் நின்றுவிட்டது. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதி வேறு, ஆதாரில் வேறு. சாமி என்னதான் செய்கிறார்?

நவம்பர் 26
பிராதை எழுதிக் கொடுத்த மாயவன் மாமா இன்று உளறிவிட்டார். நான் வெளிநாடு போகக் கூடாது என்று எழுதச் சொன்னாளாம்!

அம்மாவிடம் நேராகவே கேட்டேன். "உங்கப்பாகூட பத்து நாள்ல வந்துர்றன்னுதான் பெங்களூரு போனாரு. வந்தாரா? நீயும் போய்ட்டா நான் இன்னா பண்ணுவன்?"

எட்டு வருஷமாக அப்பா பேச்சையே எடுக்காதவள். எனக்கு எதிராகவா பிராது? பாவி. கோபமா, பாவமா — ஒன்றும் புரியவில்லை.

டிசம்பர் 1
அம்மா கூலிக்குப் போகாமல் மூன்று நாளாக என்னோடு ஆபீஸ் ஆபீஸாக நின்றாள். நான் பிறந்த நாளை அதிகாரியிடம் அவளே சொன்னாள். தேதி திருத்தியாகிவிட்டது. கேஸ் போட்டவளே எனக்குச் சாட்சியும் சொல்வாளா? கேட்டால், "அது எனக்கும் சாமிக்கும். நீ வாய மூடு" என்கிறாள். எந்த அம்மா நிஜம்?

ஜனவரி 9
விசா வந்தது. அம்மா கள்ளக்குறிச்சிக்குப் போய்க் குரங்குக் குல்லா வாங்கி வந்தாள்.

ஜனவரி 20, ஜெர்மனி
பனி. கல்வராயன் மலைக் குளிரெல்லாம் குளிரே இல்லை. முகாமில் கண்ணாடிக்குள் ஒரு கடிதம். ஒரு தாய் அதிகாரிக்கு எழுதிய மனு. என் மகளைக் கொலைமுகாமுக்குப் போகும் ரயிலில் அனுப்பாதீர்கள் என்று. பதிலே வரவில்லையாம். எல்லோரும் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். நான் நின்று அழுதேன். அந்த மனுவும் அம்மாவின் பிராதும் ஒன்றா? இல்லவே இல்லை. பிறகு ஏன் அழுதேன்? கூட வந்த சார் கேட்டார். குளிர் என்றேன்.

பிப்ரவரி 5
அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள், பிராதை வாபஸ் வாங்க. கேட்டது நடந்தால்தானே வாபஸ் வாங்குவார்கள், உனக்குத்தான் நடக்கவில்லையே என்றேன்.

"மூணு மாசம் இன்னும் முடியல. அத்த அப்டியே வுட்டா, நாளைக்கி நீ எங்கனா போவச்சொல்ல சாமி மறிச்சிக்கினா?"

மாயவன் மாமாவை அழைத்து வரவில்லை. தாளை என்னிடம் நீட்டினாள். நான் எழுதினேன். அம்மா கைநாட்டு வைத்தாள்.