ஆற்றின் மேல் போட்ட கோடு

மார்ச் 9, 2021
குலுக்கலில் என் பெயர் விழுந்து இரண்டு மாதம். மாநிலத்துக்கே தொகுதி எல்லை போடும் பதின்மூன்று பேரில் நானும் ஒருத்தி. இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்கு இது என்ன வேலை? ஆனால் வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கோடு போடுமுன் இன்று விதிகள் எழுதினோம். ஆள்தொகை சமமாக இருக்கணும், கட்சி பார்க்கக் கூடாது. "ஆறு இருந்தால் ஆறே எல்லை" — இது நான் சொன்னது. எல்லோரும் தலையாட்டினார்கள். பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 20
ஹார்லன் ஃபெரி என்ற ஆற்றோரச் சிற்றூரில் கருத்துக் கேட்பு. ஆளுக்கு இரண்டு நிமிடம். தூண்டில் கடைக்காரர் ஆன்செல் எழுந்தார். "ஆறு எங்க ஊர் நடுவுல ஓடுதுங்க. வெள்ளம் வந்தா ரெண்டு பக்கமும்தான் முங்குது. கரையைக் கட்டுங்கன்னா, இந்தத் தொகுதி உறுப்பினர் அந்தத் தொகுதிக்காரரைக் கேளுங்கறாரு, அவரு இவரைக் கைகாட்டறாரு. முப்பது வருஷமா இதே கதை. மறுபடியும் ஆறுதான் எல்லைன்னு எழுதின புண்ணியவான் யாருங்க?"

மணி அடித்துவிட்டது. நான் வாயே திறக்கவில்லை. கோழை!

ஏப்ரல் 21
அந்த ஊரில் நானே பஸ் ஓட்டியிருக்கேனே! ரெண்டு கரைப் பிள்ளைகளும் ஒரே வண்டியில்தானே ஏறுவாங்க. எப்படி மறந்தேன்?

மே 4
குழுவில் சொல்லிவிட்டேன். என் விதி, என் தப்பு. சேர்ந்து வாழும் சிற்றூரை உடைக்காதே, ஆறெல்லாம் அப்புறம் என்று மாற்றினோம். ஒன்பதுக்கு நாலு ஓட்டில் நிறைவேறியது.

செப்டம்பர் 14
ஃபெரி முழுசாக எங்கள் தொகுதிக்குள் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் அதிகம். அத்தனை பேரை வெளியே தள்ளணும். எங்கே வெட்டினாலும் ஒரு சிற்றூர் உடைகிறது, எங்கள் நகரத்தில் வெட்டினால் மட்டும் இல்லை. கணினியில் வரையும் மேரிபெத் தயங்கினாள். "உங்க தெரு நடுவுல கோடு வருது, ரெனாட்டா. வேற இடம் தேடட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 15
எதிர்வீட்டு வெர்லின் வேலியில் நின்று கத்தினார். "பத்தொன்பது வருஷம் ஒரே ஆளுக்காக ஓட்டுக் கேட்டு வீடு வீடா ஏறினோம். இப்ப நான் உள்ளே, நீ வெளியே! உனக்குப் பைத்தியமா?"

அழுகை வந்தது.

நவம்பர் 8, 2022
தேர்தல். வெர்லின் தனியாகப் போனார். நானும்.

மே 16, 2023
ஆன்செல் படம் அனுப்பினார். ஃபெரி கரையில் லாரி லாரியாகக் கல் இறங்குகிறது. வெர்லினிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்த உயரம் பத்தாது. உறுப்பினர்கிட்ட இன்னும் ரெண்டடி ஏத்தச் சொல்லு."

"நான் எப்படிச் சொல்றது? அவர் இப்ப உங்க தொகுதியோட புது உறுப்பினர், எனக்கில்லை."

முறைத்தார். பிறகு தன் கைப்பேசியை எடுத்தார். "அந்த உறுப்பினர் நம்பர் என்ன?"