அவ பேரைக் காட்டுற பெட்டி

ஆர்விட்,

டுலூத் ஊர் ஆபீசுக்குக் கிளம்பிட்டேன். காளான் சூப் அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுக் குடி. பனி அள்ளுறவன் வந்தா கராஜ் சாவியைக் கொடு.

நம்ம பொண்ணு சிக்னேவோட காலேஜ் வெப் பக்கத்தைத் திறந்தா "எந்த சர்டிபிகேட்?"னு ஒரு பெட்டி வந்து அவ பேரைக் காட்டுதே, அந்த சர்டிபிகேட், அவதான்னு காலேஜுக்குக் காட்டுற அடையாள ஃபைல், அவ படிக்கிறப்போ நம்ம கம்ப்யூட்டர்ல போட்டது. அவ செத்துப்போனது அதுக்கு எப்படித் தெரியும்?

"கம்ப்யூட்டர் வேலை பாக்குற, இதை நிறுத்தத் தெரியலையா?"ன்னு நீ கத்துனது தாங்காம போன வாரமே அந்த சர்டிபிகேட்டை அழிச்சுட்டேன். உங்கிட்ட சொல்ல வாய் வரலை.

நேத்து மறுபடியும் கத்துன. இன்னிக்குக் காலையில திறந்து பாத்தேன். பெட்டி வந்துச்சு, அவ பேரோட. அது தானா திரும்பி வராது, ஆர்விட். அவ டிராயர்ல இருக்கிற பென் டிரைவ்ல இருந்து யாராவது எடுத்துப் போட்டாத்தான் வரும். இந்த வீட்டுல நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்.

இனி நான் அதைத் தொடமாட்டேன். நீயும் கத்தாதே.

நெல்டா

சொல்ல மறந்துட்டேன்: அந்தப் பெட்டியில கேன்சலை அமுக்கினா ஒரு தடவையோட போயிடும். ஓகேயை அமுக்கினா திரும்பத் திரும்ப அவ பேரைக் காட்டும். நானும் ஓகேயைத்தான் அமுக்கினேன்.