ஏரியில் மிருகம் இல்லை, மச்சான்

என் ஆசை மச்சான் ஏழுமலைக்கு,

உன்னை ஏரி மிருகம் அடித்துவிட்டதாம். பட்டணத்துப் பத்திரிகையில் போட்டிருக்கிறான். நாற்பதடி நீளம், எருமைத் தலை, இரண்டு கொம்பு. அளந்தது யார்? அந்த நிருபர் பங்காருபேட்டை ஸ்டேஷனில் இறங்கி, அங்கேயே சோடா குடித்து, நாலு பேர் வாயைக் கிளறிவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பிப் போனவன். ஏரி எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவனுக்குத் தெரியாது.

உன் தோளில் பதிந்திருந்த வட்டத்தைப் பல் தடம் என்று எழுதியிருக்கிறான். உன்னைக் கரையில் கிடத்தித் துடைத்தவன் நான். தங்கச் சுரங்கத்துக்கு ஏரித் தண்ணீரை இழுக்கும் குழாயின் விளிம்பு அது. எந்த மிருகத்துக்கு மச்சான் அவ்வளவு வட்டமான வாய்?

குழாய் வாயில் பாசி அடைத்துக்கொண்டால் நீ முங்கி எடுப்பாய்; நான் மேலே இஞ்சினை நிறுத்தி, வால்வை மூடி வைத்திருப்பேன். நீயே வெளியே வந்து "வுடு மச்சான்" என்று சொல்கிறவரை ஓட்டக் கூடாது. நமக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான். அன்றைக்கு மேஸ்திரி வந்து, சுரங்கத்து மில்லுக்குத் தண்ணீர் நின்றுபோயிற்று, திற திற என்று கத்தினான். நீ இன்னும் மேலே வரவில்லை. நான் இஞ்சினை ஓட்டி வால்வைத் திறந்தேன்.

இந்தக் கதை வந்ததில் மேஸ்திரிக்கு ஏகக் குஷி. குழாய் வாய்க்கு இரும்புக் கம்பிவலை போடச் சொல்லி மன்றாடிப் பார்த்தேன். "அம்மாம் பெரிய மிருகத்துக்கு வலை இன்னாடா பண்ணும்?" என்று பத்திரிகையை என் முகத்துக்கு நேரே ஆட்டினான். கரையில் கிடா வெட்டியாயிற்று. கோரமண்டல் சுரங்க லயன்களிலிருந்து ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வருகிறார்கள். வருகிற திங்கட்கிழமை உன் இடத்தில் முனுசாமி இறங்குகிறான். மூன்று பிள்ளைக்காரன். மிருகத்துக்குப் பயந்து கழுத்தில் தாயத்துக் கட்டியிருக்கிறான். குழாய்க்கு என்னத்தைக் கட்டுவான்?

எனக்கு அந்த நிருபர்மேல் மட்டுமா ஆத்திரம்? மூன்று வாரமாக அவன் பொய்க்குப் பின்னால் நானும்தானே ஒளிந்துகொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவன்.

நேற்று என் தங்கச்சி, உன் பெண்டாட்டி, எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ அங்கதானே இருந்தே. அது எப்படி இருந்துச்சு, சொல்லுண்ணா" என்றாள்.

போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை அந்தப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். போடுவானா? கொம்பு இல்லாத செய்தியை எவன் போடுவான்? போடாவிட்டால் போகட்டும். நாளைக்கு அவள் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிவிடுவேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். திங்கட்கிழமை முனுசாமி முங்கினால், அவன் தலை மேலே தெரிகிறவரை வால்வைத் திறக்க மாட்டேன், எவன் கத்தினாலும் சரி. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னைக் கொன்ற கையால் எழுதும்,
உன் பெண்டாட்டியின் அண்ணன்
கோவிந்தன்