கோடையில் பிடித்த பணம்

மேபிள்தார்ப்,
மே 11

அன்பு மகள் கீலிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, ஆர்க்னித் தீவின் காற்றில் நீயும் இருமாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். விடுமுறைக்காரர்கள் தங்கும் கேரவன் பூங்காவுக்குக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது, அங்கே சலவைக்கூட வேலையில் நிற்க நேரமில்லை. இனி பள்ளியில் ஒருநாள் வேலைக்குக் கூப்பிட்டாலும் போக முடியாது, குளிர்காலத்தில் ஒரு நாள் கூப்பிடுவார்களா என்று ஏங்கியதும் நான்தான். போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றுவாய், எனக்கும் நாக்கு எழாது, அதனால்தான் கடிதம்.

பிப்ரவரியில் உன் அறைக்கு வந்திருந்தபோது நடந்ததைப் பற்றி நாம் இருவருமே பேசவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் நான் சமையலறைத் தரையில் படுத்துவிட்டேன். தலையைத் திருப்பினால் கட்டிலுக்குப் பின்னால் நீயும் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாய். வெளியே பக்கத்து வீட்டு இங்கா, "அடியே கீலி, சூப்பு ஆறுது, உள்ள செத்துகித்துப் போயிட்டியா?" என்று கத்தினாள். நீ சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு நான் அப்படி ஒளியச் சொல்லித்தரவே இல்லையே. வெள்ளிக்கிழமை கடன் வசூல்காரர் வருவது நீ பிறப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. அவர் வரும் நேரத்தில் என் அப்பா டிவியை அணைத்து எங்களைத் தரையில் படுக்க வைப்பார். அந்த ஆள் கதவில் தபால் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கி, "உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும் கண்ணுங்களா" என்று இதமாகச் சொல்வார். அப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் காற்றில் அந்த மூடி ஆடினால் வீட்டுக்குள் யாரோ டிவியை அணைத்ததுபோல் இருக்கிறது.

வாடகை கட்ட முடியாமல் இந்த மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யப்போவதாகச் சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உன் சம்பளச் சீட்டுகளை அங்கே வந்தபோதே பார்த்தேன். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஓட்டலில் இரண்டு ஆள் வேலை பார்த்தாய், படிப்புக் கடனுக்கென்று நிறையப் பிடித்துவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க வேலையே இல்லை. பிடிக்கும்போது அந்தந்த மாதத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஏப்ரலில் வரி வருடம் முடிந்தபின் மொத்த வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால் பிடித்ததைத் திருப்பிக் கேட்கலாம். இது என் படிப்புக் கடனுக்கும் பொருந்தும் என்று பள்ளி அலுவலகத்தில் ஒரு பெண் எப்போதோ சொன்னாள், நான் கேட்கவே இல்லை. "நாமளா வாயத் தொறந்தா கண்டுபிடிச்சிருவாங்க" என்பார் அப்பா. குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நான், காதில் இருந்ததோ அந்தப் பேச்சுதான். சம்பளம் கைக்கு வருமுன்பே எடுத்துக்கொள்பவர்களுக்கா நாம் இருக்கும் இடம் தெரியாது?

போன செவ்வாய்க்கிழமை கடன் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டேன். ஜலதோஷக் குரலில் ஒரு பெண் எடுத்தாள். "ஏம்மா இத்தன வருஷமா கேக்கல? இது உங்க காசும்மா" என்றாள். வங்கிக்கு வந்துவிடுமாம். போனை வைக்கப்போனவள், நான் செத்துப்போனால் மீதிக் கடன் என் மகளைத் தேடி வருமா என்று கேட்டுவிட்டேன். "வராதும்மா, அது உங்களோட முடிஞ்சிரும்" என்றாள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அன்று சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது, போய்த் திறந்தேன். யாருமில்லை.

உன் பணத்தையும் நானே கேட்டுப் பார்த்தேன். "நீங்க அவங்களுக்கு யாரு?" என்றாள். அம்மா என்றேன். "அம்மாவா இருந்தாலும் அவங்கதாம்மா பேசணும்" என்றாள். எத்தனையோ இடத்தில் உனக்குப் பதிலாக நான் போய் நின்றிருக்கிறேன், இங்கே விடமாட்டார்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் கடன் அலுவலகத்தைக் கூப்பிடு. குரல் நடுங்கினால் நடுங்கட்டும், எனக்கும் நடுங்கியது, அதற்காக யாரும் போனை வைத்துவிடவில்லை.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் மகளே, உன் அறை உனக்கு நிலைக்க வேண்டும். பேசி முடிக்கும்வரை வீட்டுக்காரரிடம் காலி செய்வதாக ஒரு வார்த்தையும் சொல்லாதே.

உன் அம்மா,
லியான்